எகாஷிரா மிசாவோவும் நான்கு மதகுகளும்

எகாஷிரா வீட்டில் பெண்கள் இருவர். மூத்தவள் தொகியே. இளையவள் மிசாவோ, அக்காவைவிட எட்டு வயது சின்னவள். நடுவே பிறந்த பையன் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டான். அப்பா யசோஜி மதகுக்காரர். ஜப்பானில் அரியாகே கடலோரத்தில் அந்த வேலைக்கு இருக்கிற மரியாதை கோவில் பூசாரிக்குக்கூடக் கிடையாது. கடல் ஒரு நாளில் இரண்டு தடவை மாடி உயரத்துக்கு ஏறும். இரண்டு தடவை கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெறும் சேற்றைப் போட்டுவிட்டு ஓடும். அந்தக் கடலிடமிருந்து பிடுங்கிய நிலம், கடலைவிடத் தாழ்ந்து கிடப்பது. கடல் இறங்கியிருக்கும்போது மதகைத் திறந்தால் வாய்க்கால் தண்ணீர் வெளியே போகும். ஏறியிருக்கும்போது திறந்தால் உப்பு உள்ளே வரும். வேலை அவ்வளவுதான், ஆனால் அதில் தவறக்கூடாது.

யசோஜி ஒரு தடவை தவறினார். சுவரில் தொங்கும் கடலேற்ற அட்டவணையில் முந்தின நாள் வரியைப் பார்த்துவிட்டு நான்காம் மதகைத் திறந்தார். நான்காம் மதகுக்கு அடுத்தாற்போல், நிலத்திலேயே பள்ளமான இடத்தில்தான் தொகியேயைக் கட்டிக்கொடுத்திருந்தது. உப்பு ஏறிய வயலில் மூன்று போகம் ஒரு கதிர்கூட நிமிரவில்லை. தொகியேயின் புருஷன் ஒசாகாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். அங்கே சாரம் சரிந்து, கைக்குழந்தையோடு தொகியே விதவையானாள். அதன் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை. பழைய மதகுக்காரர் வேலையை மிசாவோ எடுத்துக்கொண்ட நாளிலிருந்து தங்கையிடமும் பேசவில்லை. அப்பாவின் சாவுக்கு வந்து, ஊதுவத்தி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

மிசாவோ அந்த வேலைக்கு வந்ததே அப்பாவின் கறையைக் கழுவத்தான். வெளியே சொல்லமாட்டாள். விவசாயக் கூட்டுறவு அலுவலகத்தில் கணினியில் எண் தட்டிக்கொண்டிருந்தவள், கல்யாணப் பேச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்துவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்தாள். பத்திரிகைகளோடு இலவசமாக வரும் குறுந்தகடுகளைப் போட்டுப் போட்டு லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளத்தைக் கற்றாள். மாதம் ஒருமுறை ஃபுகுஒகாவில் இப்படிப்பட்ட கிறுக்குகள் ஒரு வாடகை அறையில் கூடுவார்கள். ரயிலில் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் போவாள். அங்கேதான் அவளுக்கு ஒரு நிரல் கிடைத்தது. ஹாலந்துக்காரன் ஒருவன் எழுதியது. அவன் ஊரும் கடலுக்குக் கீழே கிடக்கிற ஊர்தான். எழுதினதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று மூலநிரலோடு திறந்துவிட்டிருந்தான். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அது தானே கணக்குப் போடும். மதகு மோட்டார்களுக்குத் தானே கட்டளை அனுப்பும். கடல் உயர்ந்திருக்கும் என்று கணக்கு சொன்னால், யார் கேட்டாலும் திறக்காது.

மிசாவோவுக்குப் பிடித்ததே அந்தக் கடைசிக் குணம்தான். வடிகால் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்: "நானே போய்க் கெஞ்சினாலும் அது தப்பான நேரத்துல திறக்காது."

சங்கத் தலைவர் மித்சுதாகே அவள் பக்கம் பேசினார். நிறுவனங்கள் விற்கும் மதகுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டாம், இந்த நிரலே போதும் என்று முடிவானது. ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் புயல்கள் வரிசை கட்டி வந்தன. ஒரு புயலுக்கு முன் விழுந்த இடி பம்ப் நிலையத்தின் கம்பி வழியாக இறங்கிக் கணினியைச் சுட்டது. மதகுகளைத் திறக்கும் பழைய பொத்தான் பலகையும் அதோடு கருகியது. மோட்டார்கள் தப்பின. ஆனால் கட்டளை கொடுக்க ஆளில்லை. மிசாவோவின் சித்தி மகன் ஷுண்யா, ஃபுகுஒகாவில் சின்னதாக இணைய சேவை நடத்தி மூடினவன், தன்னிடமிருந்த மெஷின் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான்.

"பழைய மெயில் மெஷின் அக்கா. வெச்ச நாள்லேருந்து விழுந்ததே இல்ல. என் பொண்டாட்டியவிட நம்பிக்கை."

"அவ காதுல விழுந்தா நீ விழுவ."

"லினக்ஸ் இல்ல, பிஎஸ்டி. எல்லாத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டிருக்கேன். உள்ள பேட்டரி செத்துப்போச்சு. கடிகாரத்த மட்டும் நீயே பார்த்து வெச்சுக்க."

"லினக்ஸ் போட முடியாதா?"

"போட்டுப் பாரேன். அதோட ஹார்ட் டிஸ்க்க உன் லினக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது."

பார்க்கவில்லைதான். மிசாவோ குறுந்தகட்டைப் போட்டாள், எடுத்தாள், பிஎஸ்டியே கதி என்று உட்கார்ந்தாள். வானொலியில் மணியடிக்கும்போது சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்த்து, அதைப் பார்த்து மெஷினுக்கு நேரம் வைத்தாள். நேரத்தில் அவளுக்கு அசட்டை கிடையாது. அப்பாவின் பெண்ணாயிற்றே.

மறுநாள் காலை, கொரியா பக்கம் போவதாக இருந்த புயல் இந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

மித்சுதாகே தலைக்கவசமும் ரப்பர் பூட்ஸுமாக வந்தார். பம்ப் நிலையத்து அறையில் தரை ஒரு படி உயரம். பூட்ஸைக் கழற்றி வாசலில் ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு ஏறினார். என்ன அவசரமானாலும் அந்த ஒழுங்கு மாறாது.

"மூணு மணிக்குக் கடல் முழுசா இறங்கும். ராத்திரி ஒன்பதுக்கு முழுசா ஏறும். பௌர்ணமி ஏற்றம், அதோட புயலும் தள்ளும். ஒன்றரைக்குத் திறந்தாத்தான் வாய்க்கால் தண்ணி வடியும். பம்பு மட்டும் இதுக்குக் காணாது. உன் மெஷின் திறக்குமா?"

"திறக்கும் தலைவரே."

"இத மெஷின் சொல்லுதா, நீ சொல்றியா?"

"இப்போதைக்கு நான்தான் சொல்றேன். அது இன்னும் வாயத் திறக்கல."

மூலநிரல் என்பது வெறும் எழுத்து. மெஷின் அதை அப்படியே தின்னாது. அதற்கு ஏற்றபடி சமைத்துக் கொடுக்க வேண்டும். அதைத்தான் கம்பைல் பண்ணுவது என்கிறார்கள். ஹாலந்துக்காரன் லினக்ஸ் வீட்டு அடுப்பில் சமைத்துப் பழகியவன். பிஎஸ்டி வேறு வீடு. இரண்டுக்கும் யூனிக்ஸ்தான் பாட்டன். பிஎஸ்டி ரத்த வழி. லினக்ஸ் அந்த வீட்டு முறைகளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த வளர்ப்புப் பிள்ளை. முகஜாடை ஒன்று, பழக்கவழக்கம் ஒன்று. ஆனால் உப்பு ஜாடி எந்தத் தட்டில் என்று கேட்டால் ஒருவர் மேலே கை காட்டுவார், மற்றவர் கீழே காட்டுவார். ஒரு வீட்டுக்காரி மற்ற வீட்டு அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு சமைத்தால் என்ன ஆகும், அதுதான் அன்று காலை முழுக்க ஆனது.

முதல் கட்டளை கொடுத்ததுமே, சமைக்கும் முறை எழுதிய கட்டளைத் தாள் புரியவில்லை என்றது மெஷின். இந்த வீட்டில் அந்தத் தாளைப் படிக்கிற நிரல் வேறு ஆள். லினக்ஸ்காரனைத் தனியாக அழைத்து வர வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக அவனை இறக்க வேண்டியிருந்தது. மழையில் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. மிசாவோ மூன்றாம் முறை எண்ணைச் சுழற்றிவிட்டு, அறுந்துவிடாதே என்று மோடத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தான். பாதி வரை ஓடியது, நின்றது. நீ கேட்கிற ஜாடியை எப்போதோ வேறு அலமாரிக்கு மாற்றியாயிற்று என்று கடுகடுப்பாக ஒரு வரி. அலமாரியின் பெயரையும் அதுவே சொல்லியிருந்தது. மாற்றினாள். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. தனியாக இருக்க வேண்டிய ஒரு துணைநிரல் தொகுப்பு இல்லையாம். தேடிப் பார்த்தால் அது இந்த வீட்டில் தனிக்குடித்தனம் போகவேயில்லை, பெரிய குடும்பத்தோடு ஒன்றாகத்தான் இருக்கிறது. அதன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

ரேடியோ கரகரத்தது. நான்காம் மதகுக் காவலுக்கு நின்ற கிழவர் கொமோரி.

"மிசாவோ, சமையல் ஆச்சா?"

"உலை கொதிக்குது அண்ணே."

"இங்க வயலே கொதிக்கிற மாதிரிதான் இருக்கு. தவளையெல்லாம் மேட்டுக்கு வந்து என்கூட நிக்குது. ஆள் கணக்குக்கு அதையும் சேர்த்துக்கவா?"

"சேர்த்துக்குங்க. மதகுச் சக்கரம் சுத்தத் தெரியுமான்னு கேளுங்க."

சிரித்தாலும் அது சிரிப்பில்லை என்று இருவருக்கும் தெரியும். கையால் சக்கரம் சுற்றி ஒரு மதகைத் திறக்க நாலு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். கரையில் நின்றவர்கள் ஆறே பேர், அதில் இளையவரே ஓய்வூதியக்காரர். மற்றவர்கள் நோரிப் பாசி வலைகளைக் காப்பாற்றப் போயிருந்தார்கள்.

கடைசியாக, மோட்டார்களுக்குக் கட்டளை போகிற கம்பி. லினக்ஸ் அதை ஒரு பெயரில் கூப்பிடும், பிஎஸ்டி வேறு பெயரில் கூப்பிடும். மூலநிரலில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தினாள். இதில் தப்பினால் கட்டளை காற்றுக்குத்தான் போகும் என்பதால் மூன்று முறை படித்தாள். பிறகு மறுபடி கம்பைல்.

திரையில் வரிகள் ஏறிக்கொண்டே போயின. குற்றம், எச்சரிக்கை எதுவும் இல்லை. சத்தம் போடாமல் முடிந்து, அடுத்து என்ன என்று கேட்கிற பாவனையில் நின்றது. மணி ஒன்றேகால்.

"ஆச்சு," என்றாள்.

மித்சுதாகே தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு பேரும் தேநீர் ஊற்றிக்கொண்டார்கள். மிசாவோ நிரலை ஓடவிட்டாள். நான்கு மதகுகளும் மூடியிருப்பதாகச் சொன்னது. கம்பி சரி, மோட்டார்கள் பதில் சொல்கின்றன. அவள் பயந்தது அதற்குத்தான், அது தேறியது.

ஒன்றரை ஆயிற்று. மதகு அசையவில்லை.

கொஞ்சம் முன்பின் இருக்கும் என்றாள். ஒன்றேமுக்கால் ஆயிற்று. கொமோரி கூப்பிட்டார்.

"கடல் ஓடிப்போச்சும்மா. சேறு தெரியுது. நண்டு நடக்கறது தெரியுது. எதுக்குக் காத்திருக்கோம்?"

மிசாவோ, திற என்று தானே கட்டளை தட்டினாள். பதில் உடனே வந்தது. கடல் வாய்க்காலைவிட உயரம், திறக்க முடியாது. அடுத்து திறக்கும் நேரம், மாலை ஐந்து.

 திரும்பிச் சுவரில் அட்டவணையைப் பார்த்தாள். இன்றைய வரிதானா என்று விரல் வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டுப் பெண் அப்படித்தான் பார்ப்பாள். இன்றைய வரிதான். கடலிறக்கம் மூன்று மணி.

"அஞ்சுக்குத் திறக்கும்கிறது," என்றாள்.

"அப்போ அஞ்சு வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

"இல்ல தலைவரே. அஞ்சுக்குக் கடல் திரும்பி வரும். இது எட்டு வரைக்கும் திறந்தே வெச்சிருக்கும். ஏற்றம், புயல், எல்லாம் உள்ளேதான் வரும்."

மித்சுதாகே தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்படின்னா மோட்டார் மின்சாரத்த இப்பவே வெட்டறேன். கையால சுத்துவோம்."

"ஆறு பேரு, நாலு மதகு. கடல் திரும்பறதுக்குள்ள ரெண்டு திறப்பீங்க. அதையும் மறுபடி யாரு மூடறது?"

மித்சுதாகே ரேடியோவை எடுத்தார். கொமோரியையும் மற்றவர்களையும் முதல் மதகுச் சக்கரத்தில் கை வைக்கச் சொன்னார். பிறகு அவள் பின்னால் வந்து நின்றார்.

"மிசாவோ, எனக்கு இதெல்லாம் தெரியாது. கடல் உயரமா இருந்தா திறக்காதேன்னு உள்ள எங்கயோ எழுதியிருக்கில்ல?"

"இருக்கு."

"எத்தன வரி?"

"ஒண்ணு."

"அத எடுத்துடு. எடுத்துட்டுத் திறந்து விடு. மூடறத நான் கடிகாரத்தப் பார்த்துச் சொல்றேன். நீ கட்டளை குடு."

அது நடக்கும். மூலநிரல் கையில் இருக்கிறது, திறந்த நிரல், யார் அனுமதியும் வேண்டாம். ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் தேநீர் ஆறும் முன் மதகு திறக்கும். பிறகு மூடுவது மனிதர் பார்க்கும் கடிகாரத்தில், மனிதர் படிக்கும் வரியில். ஏழு வருஷம் முன்பு எது வேண்டாம் என்று இந்த மெஷினைக் கொண்டுவந்தாளோ அது. காலையில் நான்கு இடத்தில் கை வைத்திருக்கிறாள். கணக்கு எங்கே கெட்டதென்று தெரியாமல் ஐந்தாவதாகவும் கை வைக்க வேண்டும்.

கோப்பைத் திறந்தாள். அந்த வரி வந்தது. சுட்டி அதன் தலையில் நின்று மின்னிக்கொண்டிருந்தது.

வாசல் கதவு காற்றில் அறைந்து திறந்தது. மழை அங்கி சொட்டச் சொட்டத் தொகியே நின்றாள். பூட்ஸைக் கழற்றவில்லை. வாசல் தரையிலேயே நின்றாள்.

"தலைவரே," என்றாள், தங்கையைப் பாராமல். "எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் தண்ணி வந்தாச்சு. எகாஷிரா வீட்டு மெஷினுக்கு என்ன கேடுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

மித்சுதாகே இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பார்த்துக்கிட்டிருக்காம்மா. கணக்குல என்னமோ..."

"கணக்கா. அப்பாவும் கணக்குன்னுதான் சொன்னாரு." அவள் அங்கியைப் பிழிந்தாள். "திறக்கலைன்னா தண்ணி. நெல்லு முங்கும், நாலு நாள்ல வடியும். அதப் பொறுத்துக்குவேன். தப்பாத் திறந்தா உப்பு. இன்னொரு தடவ உப்ப என்னால பொறுக்க முடியாது. அதையும் அவகிட்ட சொல்லிடுங்க."

"சொல்ல வேண்டாம் தலைவரே, காது கேக்குது," என்றாள் மிசாவோ. விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது.

அப்போது தொகியேயின் அங்கிக்குள் கைப்பேசி அடித்தது. தடவித் தடவி எடுத்தாள்.

"மாகியா? நீ ஏண்டி முழிச்சிருக்க?" முகம் வேறாகிவிட்டது. மாகி அவள் ஒரே பெண். பிரேசிலில் கட்டிக்கொடுத்தது. "டிவில காட்டறானா? இங்கதான், ஆமா. நான் மேட்டுலதான் இருக்கேன், பம்ப் நிலையத்துல. ஆமாடி, அங்கதான். அத விடு. அங்க விடியக்காலம் ரெண்டு மணிதானே, போய்ப் படு. குழந்தை எழுந்துக்கும். இங்க பட்டப்பகல்டி, எனக்கு ஒண்ணும் ஆகாது."

மிசாவோவின் கை நின்றது.

அங்கே விடியக்காலம் இரண்டு. இங்கே பகல் இரண்டு. ஒரே நொடிதான். ஊர்தான் வேறு.

ஜப்பானில் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஒரே நேரம். கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று மாற்றுவதும் கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மணி என்றால் மணி. எந்த ஊர் மணி என்று கேட்கிற பழக்கமே கிடையாது. மகளைக் கடல் தாண்டிக் கொடுத்தவள் மட்டும்தான் அதை யோசிப்பாள். ஹாலந்துக்காரனோ வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்புகிறவன். அதனால் அவன் நிரல் எந்த ஊர் மணியையும் நம்பாது. உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கிற நேரத்தை மெஷினிடம் கேட்டு வாங்கித்தான் கடலைக் கணக்கிடும்.

நேரம் என்ன என்று மெஷினைக் கேட்டாள். சுவர்க் கடிகாரம் காட்டிய அதே இரண்டு ஐந்து. காலையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் அதன் வாலில் மூன்று எழுத்துகள் இருந்தன. அதைத்தான் அவள் ஒரு தடவையும் படிக்கவில்லை. அவளுடைய பழைய மெஷினில் அந்த இடத்தில் ஜப்பான் என்று இருக்கும். இதில் உலகப் பொது நேரம் என்று இருந்தது.

துடைத்துப் புதிதாகப் போட்ட மெஷின். நீ எந்த நாட்டில் இருக்கிறாய் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே இவள் ஜப்பான் மணியை வைத்தாள். அது பாவம், லண்டன் பக்கம் எங்கோ உட்கார்ந்து பிற்பகல் இரண்டு என்று எண்ணிக்கொண்டது. ஒன்பது மணி நேரம் தள்ளி, இன்னும் வராத கடலுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அட்டவணையில் விரல் வைத்து ஒன்பது மணி நேரம் முன்னால் ஓட்டிப் பார்த்தாள். ராத்திரி பதினொன்று. அப்போது கடல் உயரத்தில்தான் இருக்கும். மெஷின் சொன்னது பொய்யில்லை.

"தலைவரே, மின்சாரத்த வெட்டாதீங்க."

"கண்டுபிடிச்சிட்டியா?"

"என் தப்புதான். கணக்கு சரி. நான்தான் அதுக்கு நேரத்த மட்டும் சொன்னேன், ஊரச் சொல்லல."

அந்த வரியைத் தொடாமல் கோப்பை மூடினாள். நிரலை நிறுத்தினாள். ஜப்பான் நேரத்துக்கான கோப்பைத் தேடினாள். அதுவும் இந்த வீட்டில் வேறு அலமாரி, ஆனால் காலையிலிருந்து அலைந்ததில் அலமாரிகள் கொஞ்சம் பழகியிருந்தன. எடுத்து இடத்தில் வைத்தாள். கடிகாரத்தை மறுபடி வைத்தாள். இப்போது வாலில் சரியான எழுத்துகள். நிரலை எழுப்பினாள்.

எழவில்லை.

கடைசிப் பதிவு இன்னும் வராத நேரத்தில் இருக்கிறது, தொடர மாட்டேன் என்றது. ஒன்றேகாலிலிருந்து அது எழுதி வைத்த பதிவுகளெல்லாம் இப்போது இன்று ராத்திரியில் கிடந்தன. இனிமேல் வரப்போகிற நேரத்தை ஏற்கெனவே பார்த்தேன் என்று சொல்கிற சாட்சியை எந்த நிரல் நம்பும்.

"மணி ரெண்டேகால்," என்றார் மித்சுதாகே.

"தெரியும்."

"சொன்னேன்."

"சொல்லாதீங்க."

பதிவுக் கோப்பை அழித்தாள். அழிக்கும் முன் கோப்பின் பெயரைத் திரும்பப் படித்தாள். மறுபடி எழுப்பினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வந்தது. மூடியிருக்கிறது. பிறகு முதல் வரி மாறியது. திறக்கிறது.

ரேடியோவில் கொமோரியின் சத்தம் கிழிந்தது. "கைய எடுங்கடா சக்கரத்துலேருந்து, தானா சுத்துது. அசையுது மிசாவோ, அசையுது. தவளைங்கள வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மித்சுதாகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மிசாவோ உட்காரவில்லை. பாதி வேலைதான் ஆகியிருந்தது. திறந்ததை நேரத்தில் மூடாவிட்டால் அப்பா விட்ட அதே உப்புதான் வரும்.

வாய்க்கால் தண்ணீர் மண் நிறத்தில் உறுமிக்கொண்டு கடல்சேற்றின் மேல் பாய்ந்தது. மூன்று மணிக்குக் காற்று இரட்டித்தது. கூரைத் தகடு எங்கேயோ பிய்ந்து போகிற சத்தம் கேட்டது. தொகியே போகவில்லை. வாசல் தரையில் பூட்ஸோடு, கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். மித்சுதாகே ஒரு கிண்ணம் தேநீரைக் கொண்டுபோய் நீட்டினார்.

"ஏறி உட்காரும்மா."

"இருக்கட்டும். மூடறதப் பார்த்துட்டுப் போறேன்."

கிண்ணத்தை வாங்கினாள், குடிக்காமல் கையில் வைத்துச் சூடு காய்ந்தாள். கண் மட்டும் தங்கையின் தோளுக்கு மேல், புரியாத திரையில் இருந்தது.

நான்கு மணி தாண்டியபோது கடல் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. புயல் தள்ளியதால் அட்டவணையைவிட வேகமாகவே ஏறியது. நான்காம் மதகுக்குத் திரும்பிப் போன கொமோரி, கல்வரிசையில் எந்தக் கல் முங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிசாவோவின் கை விசைப்பலகைக்கு மேல் நின்றது. மூடு என்ற கட்டளையைத் தட்டி வைத்து, அனுப்பும் விசையை அழுத்தாமல் காத்திருந்தாள். மூடுவதற்கு நிரல் எப்போதும் தடை சொல்லாது. புயல் தள்ளுவதற்காக அவள் முந்தின வருஷமே கணக்கில் ஒரு முழம் கூட்டியிருந்தாள். அது போதுமா என்று அவளுக்கே தெரியாது.

திரையில் முதல் மதகு, மூடுகிறது. இரண்டாவது, மூன்றாவது. கை விசையைத் தொடவில்லை.

நான்காவது, திறந்திருக்கிறது.

திறந்திருக்கிறது.

"கொமோரி அண்ணே, நாலு?"

ரேடியோவில் வெறும் காற்று இரைச்சல்.

 மிசாவோ விசையை அழுத்தப் போனாள். அதற்குள் வரி மாறியது. மூடுகிறது. நிரல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்பும், மோட்டார்கள் ஒரே சமயத்தில் மின்சாரத்தை இழுக்காமல் இருக்க. அதை எழுதி வைத்ததே மிசாவோதான். அந்த நேரத்தில் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

மூடியிருக்கிறது என்று வந்தது.

"மூடிடுச்சு," என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

தொகியே கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு வெளியே போனாள். மித்சுதாகே கூப்பிட்டார், திரும்பவில்லை. கரை வழியாக, காற்றுக்குக் குனிந்து, கம்பி வேலியைப் பிடித்துப் பிடித்து நான்காம் மதகு வரைக்கும் நடந்தாள். ரேடியோ உயிர் பெற்றபோது கொமோரி சொன்னார்: "உன் அக்கா இங்க நிக்கறா. கதவோட உள்பக்கத்துல தண்ணியத் தொட்டு நாக்குல வெச்சுப் பார்க்கறா. பைத்தியமா அவளுக்கு?"

"இல்ல அண்ணே. பார்க்கட்டும். அவ கூடவே நில்லுங்க."

வெளிச்சம் மங்கும் முன் தொகியே திரும்பி வந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. வாசல் தரையில் நின்று மூச்சு வாங்கினாள்.

"உப்பு இல்ல," என்றாள். இந்த முறை மித்சுதாகேயைப் பார்க்கவில்லை.

பிறகு குனிந்து பூட்ஸை ஒவ்வொன்றாக உருவினாள். உள்ளே நின்ற தண்ணீரை வாசலுக்கு வெளியே கவிழ்த்தாள். இரண்டையும் சேர்த்து, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, ஈரக் காலோடு மேலே ஏறினாள்.

"அந்தத் தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற போடு."

மிசாவோ எழுந்து கெண்டியை அடுப்பில் வைத்தாள். அடுக்களை மூலையில் நின்றபடியே கேட்டாள், "அங்க இப்ப மணி என்ன அக்கா, மாகி ஊர்ல?"

"விடிஞ்சிருக்கும்," என்றாள் தொகியே, திரைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு. "இதுகிட்ட கேளேன். அதுக்குத்தான் எல்லா ஊர் மணியும் தெரியுமாமே. நம்ம ஊரத் தவிர."